மாத்திரை போட்டேனா, இல்லையா?

காலைச் சிற்றுண்டிக்கு முன் போட வேண்டிய மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று சர்க்கரை நோய் உள்ளவர்கள் குழம்பி நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தும் பயனில்லை. நேற்று எத்தனை மிச்சம் இருந்தது என்று தெரிந்தால்தானே! மறுபடி போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடுமோ என்று ஒரு பயம். விட்டுவிட்டால் ஏறிவிடுமோ என்று இன்னொரு பயம். "வயசாகுதில்ல, அப்படித்தான்" என்று வீட்டில் தேற்றுகிறார்கள். ஐம்பது வயதுக்காரருக்கும் இதே தேறுதல்தான்.

கூர்ந்து கவனித்தால் இந்த மறதியில் ஒரு விநோதம் தெரியும். "தண்ணி டம்ளரைக் கையில வச்சிருக்கும்போதுதானே கேஸ்காரர் பெல் அடிச்சார்?" என்று மனைவி எடுத்துக்கொடுத்ததும், "ஆமா, முழுங்கிட்டுத்தான் போய்க் கதவைத் திறந்தேன்" என்று அவருக்குப் பளிச்சென்று நினைவு வந்துவிடுகிறது. அப்படியானால் அந்த நினைவு அழிந்துபோகவில்லை. பதிந்தபோது அரைகுறையாகப் பதிந்தது; தேடியபோது உடனே கிடைக்கவில்லை. நினைவு இல்லாமலே போவது ஒரு கோளாறு. இருக்கும் நினைவை வெளியே எடுக்கத் தடுமாறுவது வேறொரு கோளாறு. அல்சைமர் நோய் வேரூன்றியவருக்கு இப்படி எடுத்துக்கொடுத்தாலும் பெரும்பாலும் பலன் இருக்காது. சர்க்கரை நோயோடு வாழும் பலரிடம் காணப்படுவது இரண்டாவது வகைத் தடுமாற்றம். சர்க்கரையோடு மனச்சோர்வும் சேர்ந்துகொண்டால் அது இன்னும் கூடுகிறது. சர்க்கரையை மாதந்தவறாமல் அளக்கும் நாம் மனச்சோர்வை அளப்பதே இல்லை.

முதலில், எது தடுமாறுகிறது என்று பார்ப்போம். கல்யாணப் பந்தியில் இன்சுலின் போடும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து இலைக்காரர் விடாமல் பேசிக்கொண்டிருக்கும்போதும் தன் இலையில் என்ன விழுகிறது என்பதில் மனத்தை நிறுத்த வேண்டும், அது கவனம். சோறு இவ்வளவு, பாயசம் இவ்வளவு என்று மனத்துக்குள் கூட்டி, போட்ட ஊசியின் அளவோடு ஒப்பிட்டு, பரிமாறுபவர் அடுத்த இலைக்கு நகர்வதற்குள் முடிவெடுக்க வேண்டும். இதற்கு வேண்டியது செயலாக்க வேகம். ஜாங்கிரியைப் பார்த்ததும் நீளும் கையை அடக்கி, 'பாயசம் ஆயிற்று, இது வேண்டாம்' என்று போட்ட திட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். மூளையின் முன்பகுதி முன்னின்று செய்யும் இந்த வேலைக்கு நிர்வாகத் திறன் என்று பெயர். இவை எல்லாம் சேர்ந்ததைத்தான் அறிதிறன் என்கிறார்கள். நினைவும் இவற்றை நம்பித்தான் நிற்கிறது. கவனம் படாதது ஆழப் பதியாது. ஆகவே "ஞாபக மறதி" என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, உண்மையில் கவனத்திலும் வேகத்திலும் ஏற்பட்ட குறை.

இவ்வளவு நுட்பமான ஒன்றை அளக்க மருத்துவ ஆய்வாளர்கள் கையாளும் கருவி வெறும் தாளும் பென்சிலும். தாளின் மேல்வரியில் 1 முதல் 9 வரை எண்கள் இருக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சின்னக் குறி. கீழே எண்கள் மட்டும் வரிசை வரிசையாகக் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய குறியை வரைந்துகொண்டே போக வேண்டும். இரண்டு நிமிடம் முடிந்ததும் எத்தனை சரி என்று எண்ணுகிறார்கள். எண்–குறி மாற்றுச் சோதனை எனலாம். அமெரிக்க உளவியலாளர் டேவிட் வெக்ஸ்லர் 1939-இல் வெளியிட்ட நுண்ணறிவு அளவுகோலில் இது இடம்பெற்றது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. காரணம், கண் பார்க்க, மனம் ஒரு நொடி நினைவில் வைக்க, கை வரைய, மறுபடி கண் மேலே போக என்று மூளையின் பல பகுதிகள் ஒத்துழைத்தால்தான் இதில் வேகம் வரும். எங்கே சிறு தொய்வு விழுந்தாலும் மதிப்பெண் குறைந்துவிடும். இதன் பலவீனமும் அதுவேதான்: எங்கே தொய்வு என்று இது சொல்லாது. பார்வை மங்கியவருக்கும், சர்க்கரையால் விரல் மரத்துப்போனவருக்கும்கூட மதிப்பெண் குறையும். அதனால் கூடவே வேறு சோதனைகளும் வைப்பார்கள். பதினைந்து சொற்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டிவிட்டு, சற்று நேரம் கழித்து எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பது ஒன்று. 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் அச்சிட்டு, சொல்லை விட்டுவிட்டு மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது இன்னொன்று. படிக்கத் துடிக்கும் நாக்கை அடக்குவதற்கு நிர்வாகத் திறன் வேண்டும்.

இந்தச் சோதனைகளைப் பெரிய அளவில் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் இதய நோய் ஆபத்தும் உள்ள 10,251 பேரைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்ட் என்ற பெரும் ஆய்வின் கிளை அது. அக்கார்ட்–மைண்ட் என்று பெயர். 2,977 பேருக்குத் தொடக்கத்திலும், 20 மாதம் கழித்தும், 40 மாதம் கழித்தும் இதே சோதனைகளை வைத்தார்கள். தொடக்க மதிப்பெண்களைப் பார்த்தபோதே ஒரு தொடர்பு தெரிந்தது. மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி ஒரு சதவீதம் கூடுதலாக இருந்தவர்களுக்கு, எண்–குறிச் சோதனையில் சராசரியாக 1.75 மதிப்பெண் குறைந்திருந்தது. சிவப்பணு சுமார் 120 நாள் உயிர்வாழ்கிறது. இரத்தத்தில் ஓடும் சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். ஒட்டிய அளவைப் பார்த்தால் கடந்த சில மாதங்களில் சர்க்கரை எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். முந்தின நாள் பட்டினி கிடந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

சர்க்கரைக்கும் மூளையின் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. தனக்கென்று பெரிய சேமிப்பு எதுவும் வைத்துக்கொள்வதில்லை. நொடிக்கு நொடி இரத்தம் வந்தாக வேண்டும். காவிரிப் பாசனத்தில் கடைமடை என்று ஒன்று உண்டு. மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் எல்லாம் கடந்து கடைசி வயலுக்கு வந்து சேர வேண்டும். வழியில் கொஞ்சம் மண் மேடிட்டாலும் முதலில் காய்வது அந்த வயல்தான். ஆற்றங்கரை வயலுக்கு எதுவும் தெரியாது. மூளையின் ஆழத்தில் இருக்கும் வெண்பொருள் அப்படிப்பட்ட கடைமடை. முடியை விட மெல்லிய நாளங்களின் கடைசி நுனிகள்தான் அதற்கு இரத்தம் தருகின்றன. நெடுங்காலம் சர்க்கரை கூடி இருந்தால் அந்த நாளங்களின் சுவர் தடித்து இறுகுகிறது. தேவைக்கேற்ப விரிந்து கொடுக்க முடிவதில்லை. கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் சர்க்கரை சேதம் செய்வதும் இதே வழியில்தான்.

வெண்பொருளில் இருப்பவை மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகள். அவை நலியும்போது எந்த ஒரு நினைவும் அழிவதில்லை. ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செய்தி போய்ச்சேர நேரமாகிறது, அவ்வளவே. எம்ஆர்ஐ படத்தில் இந்த இடங்கள் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். மறதியில் கண்ட விநோதத்துக்கு இதுவே பெரும்பகுதி விடை.

மனச்சோர்வு இதற்குள் எப்படி வருகிறது? இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நீரிழிவுக்காரர்களின் சிறுநீர் தேன்போல் இனிக்கிறது என்று எழுதியவர். நம் நாட்டு மருத்துவர்கள் அவருக்கு வெகு காலம் முன்பே மதுமேகம் என்று அதைக் குறித்து வைத்திருந்தார்கள். வில்லிஸ் இன்னொன்றும் சொன்னார்: நெடுநாள் துயரம் இந்த நோயைக் கொண்டுவருகிறது. மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று கோத்து உருவாகும் வளையத்தையும் அவர் விரிவாக விவரித்தார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான். சர்க்கரை, துயரம், மூளையின் இரத்த ஓட்டம் என்று மூன்றையும் ஒரே மனிதர் தொட்டிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அவை ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது தெரியவர முந்நூறு ஆண்டுகள் ஆயின.

துயரம் பற்றி அவர் சொன்னதில் உண்மை இருந்தது. பல நீள்கால ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வந்த பகுப்பாய்வின்படி, மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 60 சதவீதம் கூடுதல். எதிர்த் திசையிலும் தொடர்பு உண்டு: சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 15 சதவீதம் கூடுதல். பாதை இருபக்கமும் திறந்திருக்கிறது.

மனச்சோர்வு என்பது வெறும் வருத்தம் அல்ல. இரண்டு வாரமாக மனநிலை எப்படி என்று ஒன்பது கேள்விகளில் கேட்கும் ஒரு படிவம் உலகெங்கும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. பிஹெச்கியூ–9 என்பது அதன் பெயர். அதில் ஒரு கேள்வியே 'செய்தித்தாள் படிப்பது போன்றவற்றில் மனத்தை நிறுத்த முடியவில்லையா' என்பதுதான். கவனச் சிதறல் மனச்சோர்வின் பக்கவிளைவு அல்ல, நோயின் ஓர் அங்கம். உடலுக்குள்ளும் மாற்றங்கள் நடக்கின்றன. மனச்சோர்வு நீடிக்கும் பலரிடம் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் அடங்க வேண்டிய நேரத்தில் அடங்குவதில்லை. புதிய நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸ் பகுதிக்கு அது ஆகாது. அதே கார்டிசால் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்து சர்க்கரையையும் ஏற்றுகிறது. இரண்டு நோய்களிலும் மெல்லிய அழற்சி ஒன்று உடலெங்கும் நீடிப்பதையும் காண்கிறார்கள்.

ஆக, சர்க்கரை நோய் வேகத்தைக் குறைக்கிறது. மனச்சோர்வும் வேகத்தைக் குறைக்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால்? அக்கார்ட்–மைண்ட் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் அந்த ஒன்பது கேள்விகளுக்கும் பதில் சொல்லியிருந்தார்கள். மொத்தம் 27-இல் 10-ஐ எட்டினால் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்பது கணக்கு. அப்படி எட்டியவர்களின் அறிதிறன் 40 மாதங்களில் மற்றவர்களை விடக் கூடுதலாகச் சரிந்திருந்தது. எண்–குறி, சொல் நினைவு, நிறச்சொல் என்று மூன்று சோதனைகளிலும் இது தெரிந்தது. முடிவுகள் 2013-இல் வெளியாயின. எண்–குறிச் சோதனையில் வித்தியாசம் ஒரு மதிப்பெண்ணுக்கும் குறைவு. நாற்பது மாதத்தில் ஒரு தனிமனிதர் உணரக்கூடிய மாற்றம் இதில்லை. ஆனால் சர்க்கரை எவ்வளவு, இன்சுலின் போடுகிறாரா, இதய நோய் இருந்ததா என்று எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் மனச்சோர்வின் பாதிப்பு மாறவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மனச்சோர்வு சர்க்கரையை ஏற்றி, அந்தச் சர்க்கரை மட்டுமே மூளையைக் கெடுத்திருந்தால், சர்க்கரையைக் கணக்கில் எடுத்ததும் பாதிப்பு மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. மனச்சோர்வுக்கென்று தனி வழியும் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். மூளை நலியத் தொடங்கியதன் முதல் அடையாளமே மனச்சோர்வாக இருக்கலாம் அல்லவா? அப்படியானால் நாம் காரணம் என்று நினைப்பது உண்மையில் விளைவு. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக மனநல மருத்துவர் வெய்ன் கேட்டன் இதை எதிர்கொண்ட விதம் அழகானது. வட கலிஃபோர்னியாவில் சர்க்கரை நோய் உள்ள 19,239 பேரின் பதிவுகளை அவர் குழு ஆராய்ந்தது. யார் மனச்சோர்வோடு இருந்தார்கள் என்று குறித்துக்கொண்டு, அடுத்த இரண்டு ஆண்டில் தெரியவந்த மறதி நோய்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. ஏற்கெனவே உள்ளே ஊறிக்கொண்டிருந்த நோய் பெரும்பாலும் அந்த இரண்டு ஆண்டில் வெளிப்பட்டிருக்கும். மூன்றாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டு வரை எண்ணிப் பார்த்தபோதும், மனச்சோர்வு இருந்தவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைப் போல் இரண்டு மடங்கு. சந்தேகம் முழுக்கத் தீர்ந்தது என்று இதனால் சொல்லிவிட முடியாது. மறதி நோய் அதற்கும் முன்பே மெல்லத் தொடங்கலாம். ஆனால் 'எல்லாம் தலைகீழ்க் கணக்கு' என்ற வாதம் பலமிழந்தது.

அடுத்து கேட்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளுக்குப் போனார்கள். ஐம்பது வயது கடந்த 24.5 லட்சம் பேர். 2007 முதல் 2013 வரை யாருக்கு மறதி நோய் வந்தது என்று பார்த்தார்கள். இரண்டும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், சர்க்கரை நோய் மட்டும் இருந்தவர்களுக்கு ஆபத்து 20 சதவீதம் கூடுதல். மனச்சோர்வு மட்டும் இருந்தவர்களுக்கு 83 சதவீதம். இரண்டும் இருந்தவர்களுக்கு 117 சதவீதம். இருபதையும் எண்பத்து மூன்றையும் கூட்டினால் 103தான் வரும். கூட்டுத்தொகையைத் தாண்டி ஆபத்து போயிருக்கிறது. அறுபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 'வயசாகுதில்ல' என்ற சமாதானம் இந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது. அதே சமயம் இந்தச் சதவீதங்கள் யாரையும் அச்சுறுத்தக் கூடாது. அந்த ஆண்டுகளில் மறதி நோய் வந்தவர்கள் மொத்தத்தில் 2.4 சதவீதம்தான். சிறிய எண் இரட்டிப்பானாலும் பெரும்பாலோர் பாதிப்பின்றியே இருக்கிறார்கள்.

அப்படியானால் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் மூளையைக் காப்பாற்றிவிடலாமா? அக்கார்ட் இதையும் சோதித்தது. ஒரு பாதிப் பேருக்கு ஹெச்பிஏ1சி 6-க்குக் கீழே வர வேண்டும் என்று கடுமையான சிகிச்சை. மறுபாதிக்கு 7-க்கும் 7.9-க்கும் இடையில் இருந்தால் போதும். கடுமையான சிகிச்சைக் குழுவில் 257 பேரும் மற்றக் குழுவில் 203 பேரும் இறந்ததால் 2008 பிப்ரவரியில் அந்தச் சிகிச்சையையே நிறுத்த வேண்டியதாயிற்று. மூளை விஷயத்தில் முடிவு விசித்திரமானது. எம்ஆர்ஐயில் கடுமையான சிகிச்சை பெற்றவர்களின் மூளை சற்றுக் குறைவாகச் சுருங்கியிருந்தது. சோதனை மதிப்பெண்களில் மட்டும் எந்த வித்தியாசமும் இல்லை. இதைப் படித்துவிட்டுச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் பயனில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது; கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் அது காக்கிறது. ஆனால் பல ஆண்டு நோய் உள்ள முதியவர்களிடம் எண்ணை எட்டிப்பிடிக்க ஓடுவது மூளைக்குக் கவசம் ஆகவில்லை.

லோ சுகர் இன்னொரு பக்கம். கலிஃபோர்னியாவில் 16,667 முதிய சர்க்கரை நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், சர்க்கரை மிகத் தாழ்ந்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் கூடுதலாக வந்தது. மனச்சோர்வு உள்ளவர் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பசியில்லை என்று சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். கவனம் சிதறியவர் ஒரே ஊசியை இருமுறை போட்டுக்கொள்வார். சர்க்கரை நோயைப் பேணுவதற்குத் திட்டம், கணக்கு, கட்டுப்பாடு எல்லாம் வேண்டும். அந்த வேலையைச் செய்ய வேண்டிய மூளையையே இரண்டு நோய்களும் தளர்த்துகின்றன. "சொன்னா கேக்க மாட்டேங்கறார், அக்கறையே இல்லை" என்று வீட்டாரும் சில மருத்துவர்களும் திட்டும் பலரிடம் குறைந்திருப்பது அக்கறை அல்ல.

மனச்சோர்வைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அசதி, தூக்கக்கேடு, பசி மாற்றம் ஆகியவை சர்க்கரை ஏறினாலும் வரும். இரவில் நாலு முறை சிறுநீர் கழிக்க எழுந்தவருக்குப் பகலில் சோர்வாகத்தான் இருக்கும். அதனால் "சுகர் ஏறியிருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒன்பது கேள்விகளில் முதல் இரண்டு உடலைப் பற்றியவை அல்ல. முன்பு பிடித்த காரியங்களில் இப்போது நாட்டம் இல்லாமல் போய்விட்டதா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருக்கிறதா? இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்களில் இவற்றில் ஒன்றுக்காவது 'ஆம்' என்றால் மீதிக் கேள்விகளையும் கேட்க வேண்டும். நம் ஊரில் இதை யாரும் 'மனச்சோர்வு' என்று வந்து சொல்வதில்லை. "எதுலயும் ஒரு பிடிப்பு இல்லை", "யாரோடயும் பேசவே தோணல" என்பார்கள். அதைக் காதில் வாங்க ஆள் வேண்டும். கூடவே வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுவது நல்லது. மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு, முக்கியமாகச் சைவ உணவுக்காரர்களுக்கு, அது குறையலாம். குறைந்தால் மறதியும் வரும், சோர்வும் வரும். எளிதில் சரிசெய்யக்கூடிய காரணம் அது. தைராய்டு சுரப்புக் குறைவும் அப்படியே.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்–இன்டியாப் என்ற ஆய்வு மதிப்பிட்டது. இவ்வளவு பேருக்கு மனநல மருத்துவர்களை எங்கே போய்த் தேடுவது? சென்னை, பெங்களூரு, விசாகப்பட்டினம், டெல்லி ஆகிய நான்கு ஊர்களின் சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் நடந்த இன்டிபென்டன்ட் என்ற ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேர் இதில் இருந்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு, மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் ஒருவர் துணையிருந்தார். நோயாளியோடு தொடர்ந்து பேசுவது, மனநிலையையும் சர்க்கரையையும் சேர்த்துக் கண்காணிப்பது, முன்னேற்றம் இல்லாதவர்களைப் பற்றி மனநல மருத்துவரிடமும் சர்க்கரை நோய் மருத்துவரிடமும் எடுத்துப் பேசி சிகிச்சையை மாற்றச் செய்வது அவர் வேலை. இந்த உதவி முதல் ஓராண்டுக்கு மட்டும். அடுத்த ஆண்டு விட்டுப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில், மனச்சோர்வு பாதியாகக் குறைந்ததோடு சர்க்கரை, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவு இறங்கியவர்கள் ஒருங்கிணைப்பாளர் இருந்த குழுவில் 71.6 சதவீதம்; வழக்கமான சிகிச்சைக் குழுவில் 57.4 சதவீதம். உதவி நின்று ஓராண்டு ஆன பிறகும் அந்த இடைவெளி நிலைத்திருந்தது.